இரண்டரை மணி நேரப் பாக்கி

பஹாவ் கடைத்தெருவில்
உரக்கடைக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் நடுவே
பதினோரு அடி அகலம் என் அலுவலகம்.
சம்பள வாரத்தில் கதவைத் திறந்தால்
செம்பனை ஆலையின் புளித்த வாடை முதலில் வரும்,
பிறகு ஆட்கள்.

திருச்சி எவ்வளவு தூரம் என்று கேட்பவர்கள்
தூரத்தைக் கேட்பதில்லை.
இரண்டாயிரத்து அறுநூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் என்பேன்.
தோட்டத்துக் கிளினிக்கில்
இரத்த அழுத்தம் சொன்னதுபோல் தலையாட்டுவார்கள்.
எத்தனை வெள்ளி என்பதுதான் அடுத்தது.

பூமிநாதன் விலை கேட்டதில்லை.
எதிர்வரிசை முடிதிருத்தும் கடை.
வெள்ளிக்கிழமை மத்தியானம்
பள்ளிவாசல் தொழுகையில் ஊர் அடங்கி
நாற்காலிகள் காலியாகும் நேரம்
கத்தி கழுவிய ஈரக் கையோடு வருவான்.
"எத்தனை மணி நேரம், அக்கா?"
நாலு.
"போன வாரமும் நாலுதானே" என்று
சிரித்துவிட்டுப் போவான்.
ஏழு வருஷம்.
விமானங்கள் மாறின, ஒரு கம்பெனி மூடியே போனது,
நாலு மாறவில்லை.

நான் சொன்னது முழுக்கணக்கு இல்லை.
இங்கிருந்து விமான நிலையத்துக்கு ஒன்றரை மணி,
வரிசைகளில் மூன்று,
அங்கே இறங்கி அறந்தாங்கிக்கு இரண்டோ இரண்டரையோ,
அதற்கும் அப்பால் மினிபஸ் போகாத ஒரு பாதை.
முதலாளியின் மேசை இழுப்பறையிலிருந்து
பாஸ்போர்ட் என் மேசைக்கு வர
சாலையின் குறுக்கே நாற்பது அடி.
அதற்கு எவ்வளவு நேரம் என்று
எந்த அட்டவணையிலும் போட்டிருக்கவில்லை.

மார்ச்சில் ஒரு திங்கட்கிழமை வந்தான்.
கை காய்ந்திருந்தது.
கையில் பாஸ்போர்ட்.
ஒருவழிதான் கேட்டான்.
இரவு எட்டு இருபத்தைந்துக்குப் புறப்படும்,
ஒன்பது ஐம்பத்தைந்துக்கு இறங்கும் என்று
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
விரல்விட்டு எண்ணினான். மறுபடியும் எண்ணினான்.
"ஒன்றரை மணி நேரம்தான் வருது."

அங்கே கடிகாரம் இரண்டரை மணி பின்னால், என்றேன்.
நாலு நாலுதான்.

மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.
"வரும்போது ராத்திரி பத்தரைக்கு ஏறினேன், அக்கா.
இறங்கினா விடிகாலை அஞ்சு.
நாலுன்னு சொல்லிக் கூட்டிவந்தாங்களே,
மிச்சத்தை யார் எடுத்தாங்கன்னு
அன்னிக்குக் கேக்கத் தெரியல.
அப்புறம் லெவிக்குப் பிடிச்சாங்க, பெர்மிட்டுக்கு, ரூமுக்கு,
உடைஞ்ச கண்ணாடிக்கு,
காய்ச்சல்ல கிடந்த ஒன்பது நாளுக்கு.
இது ஒண்ணுதான்
பிடிச்சது பிடிச்சபடி திரும்ப வருது."

அச்சு இயந்திரம் தாளை இழுக்காமல் முரண்டு பிடித்தது.
கிடைக்கிறதை என்ன செய்யப்போகிறாய் என்றேன்,
விளையாட்டாகத்தான்.
அவன் யோசித்தான், நிஜப் பணத்துக்கு யோசிப்பதுபோல்.

"தூங்குவேன்" என்றான்.

புறப்பட்ட அன்று
அவன் கடையில் விளக்கு எரிந்தது,
வேறொருவன் கத்தரி தட்டும் சத்தம் கேட்டது.
ஷட்டரை இறக்கிவிட்டு
வறுத்த மீ வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
பன்னிரண்டு இருபத்தைந்துக்கு
எதற்கென்று இல்லாமல் விழிப்பு வந்தது.
எழுந்து தண்ணீர் குடித்தேன்.
வெளியே ஒரு லோரி, குலை ஏற்றியது,
ஆலைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது.
அங்கே
இன்னும் பத்துகூட ஆகியிருக்காது.