அட்டை

"எல்லாரும் அட்டையைக் கையில் எடுங்கள்" என்றேன்.
பதினொரு பேரும் பெஞ்சின் மேல்
காலைத் தூக்கிக்கொண்டார்கள்.
யோகமலர் மட்டும் எழுந்து
சவர்க்காரத் துண்டு தேடினாள்.

என் தப்புத்தான்.
கொழும்பில் பயிற்சி எடுத்தபோது
அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்.
பொகவந்தலாவையில், மழை விடாத ஆனியில்,
கொழுந்து மடுவத்தை ஒட்டிய முன்பள்ளிக்குள்
அது கால் இல்லாமல் நடக்கும்.

இருந்தவை ஐந்து. தீப்பெட்டியை விடச் சற்றுப் பெரியவை.
ஒவ்வொன்றின் நெற்றியிலும்
ஐந்துக்கு ஐந்தாய்ச் சிவப்பு விளக்குகள்.
இதயம் ஒன்றைத் துடிக்கவைப்பது முதல் பாடம்;
தாளில் அப்படித்தான் இருந்தது.
டிலுக்சன் கேட்டான்:
"இதுல அட்டை வுடலாமா டீச்சர்?"

ஒன்றைப் பிடித்தும் வந்தான், பால்மா டின் மூடியில்.
கணக்குக் கொப்பியின் சதுரங்களில் நடக்கவிட்டு
ஒவ்வோர் அசைவாய்ப் பென்சிலால் குறித்தார்கள்:
மூன்று கட்டம் நீளும்.
தலை ஊன்றும்.
நடு முதுகு மேலே வளையும்.
வால் தலையிடம் வந்து சேரும்.
"மீண்டும் செய்" என்ற கட்டளையை
நான் விளக்கவே இல்லை.

முதல் ஓட்டத்தில் அது பறந்தது.
"இது பாம்பு" என்றாள் யோகமலர்.
"அட்டை நின்னு மோந்து பாக்கும்."
இடைநிறுத்தம் நூறு மில்லிசெக்கன்;
நானூறாக்கினாள்.
தலை தூக்கும் இடத்தில் மட்டும் தொள்ளாயிரம்.
எனக்கே பாதம் கூசியது.

ஐந்தாம் நிரலில் பிழை.
விளிம்புக்கு அப்பால் விளக்கு இல்லை.
திருப்பிவிடுவோமா என்றேன்.
"அது திரும்பாது டீச்சர்.
கால் கெடைக்கிற வரைக்கும் போகும்."

அதனால் ஐந்தையும் வரிசையாய் அடுக்கி
ஒன்றின் விளிம்பிலிருந்து மற்றதற்குச் செய்தி அனுப்பினோம்.
தாளில் அது எட்டாவது வாரம்.
மேசை நீளத்துக்கு ஊர்ந்துபோனது
ஒரே ஒரு சிவப்பு அட்டை.
கடைசியில் சஸ்மிதா விரலை நீட்டிப்
பொத்தானை அழுத்தினாள்.
புள்ளி புள்ளியாய் வீங்கி
இருபத்தைந்தும் நிறைந்து
உருண்டு விழுந்தது, இருட்டு.

கூச்சல்.
தராசடியில் நின்ற அம்மாமார்
சன்னலில் எட்டிப் பார்த்தார்கள்.
ஒருத்தி, கூடையை இறக்காமலே:
"கடிச்சா ரத்தம் போகுமா?"
"போகாது. பெட்டரிதான் போகும்."
"அப்ப நல்ல அட்டை."
இரண்டு கிலோ குறைந்து
அன்று அவளுக்கு அரைப்பேர்.

பஸ்ஸில், நோர்வூட் தாண்டும்போது,
காலுறை நனைந்திருப்பது தெரிந்தது.
கழற்றவில்லை.
கண்ணாடியில் மழை.
நீளும், ஊன்றும், வளையும் என்று
எண்ணிக்கொண்டே வந்தேன்.
தொள்ளாயிரம்.