உப்புப் பார்த்தல்

எஸ்டர்சுந்தில் நவம்பர் வந்தால்
மூன்று மணிக்கே இருட்டு.
ஹில்லேவிக்கு அதுதான் காலை.
இரவெல்லாம் ரொட்டி சுட்டு, நண்பகல் வரை தூங்கி,
ஏரிக்கரைப் பனியில் சைக்கிள் மிதித்து வருவாள்
எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு,
இன்னொரு சைக்கிளை மிதிக்க.

இது எங்கும் போகாத சைக்கிள்.
ஒரு நேரத்தில் ஒரு கால்தான் மிதிக்கும்.
மற்றதை ஸ்டூலில் கிடத்திவைப்போம்,
முறை வராத பயணி போல.

இடது காலுக்குத் தினமும் ஒரு மணி நேரம்,
வயிறாரச் சாப்பிட்ட பிறகு.
வலது காலுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள்.
முதல் மணி, இருக்கிற சர்க்கரையைத் துடைத்தெடுக்க.
பிறகு இரண்டு மணி நேரம் வெறும் தண்ணீர்.
பிறகு அந்தக் காலி டப்பாவோடு
இன்னொரு மணி.
பத்து வாரம் கழித்துக் கூட்டினால்
இரண்டும் உழைத்தது ஒரே அளவு.

ஒன்று செல்லப்பிள்ளை,
மற்றது மூத்தாள் பிள்ளை.
இரண்டும் ஒரே இடுப்பிலிருந்து இறங்கியவை என்று எழுத
படிவத்தில் இடமில்லை.

"மாவு தீர்ந்த கடையில்
யாராவது புதிதாய் அடுப்புக் கூட்டுவார்களா, ஸிக்வார்ட்?"
முதல் வாரமே கேட்டாள்.
தசை கூட்டும் என்றேன்.
சர்க்கரை குறையக் குறைய
ஒவ்வொரு நாருக்குள்ளும் ஓர் அலறல் எழும்.
அதைக் கேட்டுத்தான்
கொழுப்பை எரிக்கிற சின்னச் சின்ன அடுப்புகள்
எண்ணிக்கையில் பெருகும்.
அப்படித்தான் நினைக்கிறோம்,
அதற்குத்தான் உன் தொடை.

"அடுப்புக்குச் செங்கல்?"
முட்டை, பருப்பு, புளித்த பால்.
வேலைக்குப் போகுமுன் மறக்காமல் சாப்பிடு.
பட்டினியால் மட்டும் எதுவும் கட்ட முடியாது;
பட்டினி வெறும் மேஸ்திரி.

ஐந்தாம் வாரம், புதன்கிழமை,
இரண்டு மிதிப்புகளுக்கும் நடுவே
வலது தொடையை மரக்கவைத்து ஊசி இறக்கினேன்.
அரிசி மணி அளவு சதை.
திரவ நைட்ரஜனில் விழுந்ததும்
சுள்ளென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

மறுநாள் சாயம் ஏற்றிப் பார்த்தேன்.
வெளிறிக் கிடக்க வேண்டிய நார்களில்
அங்கங்கே இளஞ்சிவப்பு.
என் கைப்பிழையோ என்று
இன்னொரு வில்லை வெட்டினேன்.
அதே சிவப்பு,
ஓடிவந்து நின்றவள் கன்னத்தில் போல.

சதைக்குப் பொய் சொல்லத் தெரியாது
என்று இங்கே ஒரு வரி எழுதலாம்.
ஆனால் அவளும் பொய் சொல்லவில்லை.
நான் கேட்கவில்லை.

கேட்டேன்.
"புது ரை ரொட்டி. பையிலேயே இருந்தது.
உப்புப் பார்க்காமல் எப்படி விற்பது?"
உப்புப் பார்க்க ஒரு துண்டு போதுமே.
"முதல் துண்டில் பசிதான் தெரிந்தது," என்றாள்.
"உப்பு தெரிய
பாதி ரொட்டி ஆயிற்று."

விதிமீறல் என்ற கட்டத்தில் எழுதினேன்:
ரை ரொட்டி, ஏறக்குறைய பாதி.
கொஞ்சம் நிறுத்தி,
வெண்ணெயுடன், என்றும்.
அன்றோடு அவளுடைய எண்கள்
எங்கள் சராசரியை விட்டு வெளியேறின.
அவள் வருவதை நிறுத்தவில்லை.
ஏனென்று இதுவரை கேட்கவில்லை.

பத்தாம் வாரக் கடைசிச் சோதனையில்
இடது கால் மூச்சுவாங்கி நின்றது.
பிறகு வலது காலைப் பூட்டினோம்.
இடது நின்ற நிமிடத்தைத் தாண்டி,
கடிகாரத்தைப் பார்க்காமல்,
பற்களைக் காட்டிக்கொண்டு,
இன்னும் பதினொரு நிமிடம் மிதித்தாள்.
எந்த அட்டவணையிலும் சேராத பதினொரு நிமிடம்.
நான் மட்டும் பார்த்தேன்,
அறையைக் கழுவ வந்த ஊல்ரிக்காவும்.

தொடைகளில் இரண்டு தழும்பு,
பூட்ஸில் இரண்டு முடிச்சு.
வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.
வேலைக்கு நேரமாயிற்றென்று
சைக்கிளில் ஏறிப் போனாள்.

ஸ்டூலில், கால் கிடந்த இடத்தில்,
காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம்.
இன்னும் சூடு ஆறவில்லை.
இரவு பத்து மணிக்குத்தான்
நான் எதுவும் சாப்பிடவில்லை என்பது உறைத்தது.

உப்பு கொஞ்சம் தூக்கல்.