ஒன்பதாம் கேள்வி

ஹெல்மார்விக் நகரசபை அனுப்பிய படிவத்தில்
பன்னிரண்டு கேள்விகள்.
தமிழிலும் சிங்களத்திலும் நானே பெயர்த்தேன்.
நகல் எடுக்கையில் மை தீர்ந்து
சிங்களப் பிரதி மட்டும் நரைத்து வந்தது.
அதற்கும் ஒரு முறைப்பாடு கிடைத்தது.

அது எங்கள் சகோதர நகரம்.
ஆறு வருடத்துக்கு முன் கையொப்பம்.
'சகோதரம் என்றால் எங்கள் பக்கத்தில்
காணி வழக்கும் சேர்த்துத்தான்'
என்று பரஞ்சோதி அன்று மேடையில் சொன்னதை
நான் மொழிபெயர்க்காமல் விட்டேன்.

அவர்கள் தந்தது ஒரு குப்பை வண்டி.
பழையது, ஆனால் நல்ல வண்டி.
பின்னுக்கு எடுக்கும்போது ஒரு பெண்குரல்
அவர்கள் பாஷையில் ஏதோ சொல்லும்.
லிங்கநகர்ப் பிள்ளைகள் அதைப் பாடமாக்கி
பந்தடிக்கக் கூப்பிடுகிறார்கள் ஒருவரையொருவர்.
'தள்ளி நில்லுங்கள்' என்று அர்த்தமாம்.
இவ்வளவு நாளும் 'வாருங்கள்' என்றுதான்
நினைத்திருந்தோம்.

நாங்கள் கொடுத்தது பித்தளைக் குத்துவிளக்கு.
திரி எங்கே வாங்குவது என்று
கடிதம் வந்தது.

ஞாயிறு பின்னேரம் மூன்று மணி, நகர மண்டபம்.
அறுபது கதிரை போட்டோம்.
இருபத்துமூன்று பேர்
பிளேன்டீயும் வடையும் முடியுமுன் வந்தார்கள்.
உங்கள் நகரத்துக்கு என்ன தேவை?
எட்டுக் கேள்வியும் இதையே
எட்டு விதமாகக் கேட்டன.

திருக்கடலூர்க் குலேந்திரன் எழும்பினார்:
'கடலே உறையிற ஊராம்.
கொஞ்சம் ஐஸ் அனுப்பச் சொல்லுங்கோ.
மீன் இங்க கரையிலயே பழுதாகுது.'
ஜமாலியா நஸ்ரியாவுக்கு வாய்க்கால் மூடி:
மாரியில் எது ரோட்டு, எது குழியென்று
காலுக்குத்தான் முதலில் தெரியும்.
அபயபுர சுமனலதா
பஸ் நிலையத்து மலசலகூடத்தைப் பற்றித்
தொடங்கியவர் முடிக்கவே இல்லை.
பின்வரிசையில் ஒரு பொடியன்
'விசா' என்றான்.
அதை நான் 'இளைஞர் பரிமாற்றம்' என்று குறித்தேன்.

ஒன்பதாவது:
'உங்களிடமிருந்து நாங்கள் எதைக் கற்கலாம்?'

மின்விசிறி சுற்றும் சத்தம் அப்போதுதான் கேட்டது.
கோணேசர் கோயில் என்றார் ஒருவர்.
அது பார்க்கிறது, படிக்கிறதில்லை என்றார் இன்னொருவர்.
கன்னியா வெந்நீர்?
அது நிலம் தந்தது.
'பொறுமை' என்றது ஒரு குரல்.
எல்லோரும் சிரித்தார்கள்.
எழுதவேண்டாம் என்பது போன்ற சிரிப்பு.

சுமனலதா இடைவெளி கண்டு
மறுபடி மலசலகூடத்துக்குப் போனார்.
அந்நேரம் பக்கக் கதவால் ஒரு புள்ளிமான்
கடற்கரையிலிருந்து நேரே வந்ததுபோல்
ஈரக் குளம்போடு உள்ளே வந்தது.
நஸ்ரியா கதிரையைக் கொஞ்சம் நகர்த்தினார்.
குலேந்திரன் மடித்துவைத்த காலை எடுத்தார்.
அது ஒரு பிளாஸ்டிக் கோப்பையைக் கவ்வ,
சுமனலதா பேச்சை நிறுத்தாமலே
அதன் வாய்க்குள் விரல் விட்டு
கோப்பையை இழுத்தெடுத்து
சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு
'பூட்டு உடைஞ்சு ரெண்டு வருசம்' என்றார்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
நான் மட்டும் பார்த்தேன்,
படிவம் என் மடியில் இருந்தபடியால்.

ஒன்பதாம் கட்டத்தில் எழுதினேன்:
'கூட்டத்துக்குள் மான் வந்தது.
கூட்டம் நிற்கவில்லை.'
தலைவர் வாசிக்காமலே கையொப்பம் வைத்தார்.

மூன்று மாதம் கழித்துப் பதில்.
வாய்க்கால் மூடிக்குப் பணம் ஒதுக்குகிறார்களாம்.
ஐஸைப் பற்றி ஒன்றுமில்லை.
கடைசிப் பந்தி:
அவர்கள் ஊருக்குள்ளும் காட்டுமான்கள் இறங்குகின்றனவாம்,
வேலி போட்டும் சுட்டும் பார்த்தாயிற்றாம்.
'ஒன்பதாம் பதில் மிகவும் பயனுள்ளது.
இந்தத் திட்டத்தை எந்தப் பிரிவு நடத்துகிறது?
வருடாந்தச் செலவு எவ்வளவு?'

கடிதம் இன்னும் என் மேசையில்.
யன்னலுக்கு வெளியே குப்பை வண்டி
பின்னுக்கு வருகிறது.
அந்தப் பெண் தன் பாஷையில்
தள்ளி நில்லுங்கள் என்கிறாள்.
நடுரோட்டில் படுத்திருக்கும் மான்
காதை மட்டும் அசைக்கிறது.
சாரதி எஞ்சினை நிறுத்திவிட்டு
வெற்றிலை மடிக்கிறார்.