நீலப் பட்டை

தோளுக்குப் பச்சைப் பட்டை, தொடைக்கு நீலம்.
ஐலா சொல்லிக்கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.
ரௌமாவில் மூன்றரைக்கே இருட்டு.

முதலில் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்தேன்.
பிறகு நானே ஏறித் தொங்கினேன்.
பொத்தான் என் கையில்தான் இருந்தது;
ஆனாலும் பாதம்
தரையைத் தேடியது.

இப்போது நீ, வெய்க்கோ.
துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டியவன்,
காகிதச் சுருள்களைக் கப்பலின் வயிற்றில்
அலுங்காமல் குலுங்காமல் வைத்தவன்,
கோணிய வாயால் அதட்டுகிறாய்:
"ஆடுது பார்.
ஆட்டம் நிக்கட்டும், அப்புறம் இறக்கு."

காத்திருந்தேன். கொக்கி மெல்லச் சுழன்று
உன் முகத்தை என் பக்கம் திருப்பியது,
என் உயரத்தில்.
பதினாலு மாதமாகக் குனிந்தே பார்த்த முகம்.
தாடைக்கடியில்
சவரத்தில் நான் விட்டுவைத்த நாலு முடி.

ஆட்டம் எப்போதோ நின்றிருந்தது.

"இறக்கு," என்கிறாய்,
"தொடை அறுக்குது."