பையன் வந்திருக்காரா

நாற்காலியோடு சேர்த்துத்தான்
நைனாவை இறக்கினோம்.
வியாசர்பாடி ஹவுசிங் போர்டு, மூன்றாவது மாடி.
லிப்ட் வரும் என்று சொன்னவர்கள்
இரண்டு தேர்தலாக வரவில்லை.
முன்கால்களை ஆட்டோ ஓட்டும் தஸ்தகீர் பிடித்தான்,
பின்கால்கள் எனக்கு.
எண்பத்தொன்பது வயசு, நாற்பத்தொரு கிலோ.
திருப்பத்துக்குத் திருப்பம் என் முட்டி
தன் வயசைத் தனியாகச் சொன்னது.

ஏறிப்போய்ப் பூட்டை மறுபடி இழுத்துப் பார்த்தேன்.
இப்போதெல்லாம் பகலிலும் பூட்டுதான்.
ஆடியில் ஒரு விடிகாலை
முதல் ஷிப்டுக்கு நேரமாச்சென்று
கைலியும் டிபன் கேரியருமாய்க் கிளம்பிவிட்டார்
மில் இருந்த இடத்துக்கு.
அங்கே நிற்கிற அடுக்குமாடியின் செக்யூரிட்டி
உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தான்.
"அரை நாள் சம்பளம் போயிடும்னு அழுவுறாரு சார்."

ஸ்டான்லி. டோக்கன் கவுன்ட்டர்.
கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண்
அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.
"ரெண்டு பேர்ல யாரு பேஷண்ட்?"

முதியோர் வரிசையில்
இரண்டு பேருக்குமே இடமுண்டு.
எங்களுக்கு முன்னால் ஒரு மகள், எழுபது இருக்கும்,
தாயின் சக்கர நாற்காலியைப் பிடித்திருந்தாள்
தள்ளுவதற்கா, தான் விழாமலிருப்பதற்கா
தெரியவில்லை.

"எத்திராஜ்! பையன் வந்திருக்காரா?"
அறுபத்தேழு வயசில்
வகுப்பில் தூக்குவதுபோல் கையைத் தூக்கினேன்.

டாக்டர் சின்னப் பெண். தூங்காத கண்.
"மூணு வார்த்தை சொல்றேன், அப்புறமா கேப்பேன்.
ரயில். தேங்காய். சாவி."
மூன்றையும் உடனே திருப்பிச் சொன்னார்.
"இது எந்த ஊரு?"
"மெட்ராஸ்."
சரி என்றே குறித்துக்கொண்டாள்.
"என்ன மாசம்?"
"சம்பளத்துக்கு முந்தின வாரம்."
பேனா கொஞ்ச நேரம் நின்றது.
நூறிலிருந்து ஏழு ஏழாய்க் கழிக்கச் சொன்னாள்.
தொண்ணூற்று மூன்று என்றார்.
பிறகு, யாருக்குக் கடன் என்று கேட்டார்.
கடிகாரம் வரையச் சொன்னாள்.
வட்டம் போட்டு
ஆறு மணியை மட்டும் எழுதினார்.

"இப்ப அந்த மூணு வார்த்தை?"

நைனா ஜன்னலைப் பார்த்தார்.
"தேங்கா," என்றார். "அப்புறம் பொட்டுக்கடலை."

யாரும் என்னைக் கேட்கவில்லை.
மனசுக்குள் நானும் சொல்லிப் பார்த்தேன்:
ரயில்,
தேங்காய்,

அவ்வளவுதான்.

"வீட்ல இவரை யாரு பாத்துக்கறாங்க?"
"நான்தாம்மா."
"உங்களுக்கு சுகர் இருக்கா?"
"இருக்கு."
"உங்களை யாரு பாத்துக்கறாங்க?"
போன தையில் புவனாவுக்கு
மூன்றாம் வருஷம் கும்பிட்டாச்சு.
மகள் ஓசூரில், கம்பெனி வேலை, இரண்டு குழந்தை.
இதையெல்லாம் சொல்லலாமா என்று யோசிப்பதற்குள்
அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மாத்திரை வரிசை முக்கால் மணி நேரம்.
அவர் நோட்டு ஒன்று, என் நோட்டு ஒன்று.
இரண்டு கவரிலும் அதே வெள்ளை மாத்திரை,
அவருக்கு அரை, எனக்கு முழுசு.
டயபர் இங்கே கிடையாது. வெளியில்
பத்து எண்ணம் நானூறு ரூபாய்.
ராத்திரிக்கு மட்டும் என்றால் பத்து நாள் வரும்,
அவர் ஒத்துழைத்தால்.

பேசின் பாலம் ஏறும்வரை
ரயில் தேங்காய், ரயில் தேங்காய் என்று
உதட்டுக்குள் ஓட்டிக்கொண்டே வந்தேன்.
கண்ணாடியில் தஸ்தகீர் பார்த்தான்.
"இன்னாண்ணே, மார்க்கெட் போவணுமா?"
"இல்லப்பா."
ஒரு வார்த்தை தொலைந்துபோனதை
யாரிடம் போய்ப் புகார் கொடுப்பது?

ராத்திரி பன்னிரண்டரை.
கரண்ட் இல்லை. செல்போன் வெளிச்சத்தில்
ஒருக்களிக்க வைத்து
முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"சாவி."

டாக்டருக்குப் பதில் சொன்னாரா,
ஷிப்டுக்குக் கதவைத் திறக்கச் சொன்னாரா.
"எங்கிட்டதான் இருக்கு நைனா, தூங்கு."

ஈரக் கையோடு அரைஞாணைத் தடவினேன்.
காலையிலிருந்து அங்கேதான் தொங்கியிருக்கிறது,
வயிற்றோடு ஒட்டிக்கொண்டு,
சூடாக.