எட்டு மீட்டர்

ஓர்ம்-லா-செஷ் ஊராட்சி அலுவலகம்
செவ்வாய், வெள்ளி மாலை மட்டும் திறக்கும்.
மேலிடத்துப் படிவத்தில் ஒரு கேள்வி:
ஊர் எல்லைக்குள் மிக உயர்ந்த இடம்?

சோலான்ஜ் இரண்டு வரைபடங்களை விரிக்கிறாள்.
முதல் போருக்கு முந்தியதில் குன்று
இருநூற்று எண்பத்தேழு மீட்டர்.
பிந்தியதில் இருநூற்று எழுபத்தொன்பது.

பத்து மாதம் பீரங்கிகள் குனியவைத்த குன்று.
ஓடையும் அப்போதுதான் தடம் மாறியது.
பாலத்துக்கு யாரும் சொல்லவில்லை போலும்,
இன்னும் புல்வெளி நடுவே நிற்கிறது
எதையும் கடக்காமல்.

ஊரில் இப்போது அறுபத்தொரு பேர்.
சதுக்கத்துக் கல்லில் எழுபத்துநாலு.
'பெரும்பான்மை அவர்கள்தான்' என்பான் உம்ப்லோ,
சிரிக்காமல்.

குன்றடியில் அவனுடைய பீட்ரூட் வயல்.
உழும்போது மேலே வரும்
சட்டைப் பித்தான், லாடம், ஒருமுறை
கடைவாய்ப்பல்.
போன வாரம் வெடிக்காத குண்டு.
மின்கம்பத்தில் சாய்த்துவைத்துத் தொலைபேசியில் சொன்னான்.
அடுத்த வியாழன்தான் வருவார்களாம்.
அவன் நாய் தினமும் அதன்மேல் காலைத் தூக்குகிறது.

வெள்ளியன்று வேறெதற்கோ வந்தவனைக் கேட்டாள்:
"அந்த எட்டு மீட்டர் எங்கே போயிற்று?"

யோசித்தான்.
வலது பூட்ஸைக் கழற்றி
மேசைக்காலில் இரண்டு தட்டு தட்டினான்.
"இதில் கொஞ்சம்."

தரையில் கிடந்த மண்ணை
அவள் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை.
கட்டத்தைக் காலியாக விட்டு
முத்திரை குத்தினாள்.