டக்

கணபதியில் ஆறுக்குட்டிக்கு
எரிந்த மோட்டார்தான் சோறு.
இரண்டு ஃபேஸில் ஓடிக் கருகியதை
வண்டியில் போட்டுக் கொண்டுவருவார்கள்,
அன்னூரிலிருந்து, காரமடையிலிருந்து.
வார்னிஷ் தீய்ந்த வாசம் வந்தால்
அன்றைக்குக் கூலி உண்டு.

ஒரே கோடையில் நாலாம் முறையாக
அதே மோட்டாரை இறக்கியவர்
"ஏனுங், இதுக்கொரு முடிவில்லீங்களா?"
என்றபோது
அவருக்குக் கல்லாப்பெட்டியைப் பார்க்க முடியவில்லை.

எழுபத்தைந்தில் முதல் ரிலே.
காயிலுக்கு நாலாயிரத்து இருநூறு சுற்று;
மில் மூடியதும் வந்த வஞ்சியம்மாள்
எண்ணும்போது யாரும் தும்மக்கூடாது.
முனைகளுக்கு வெள்ளி,
பெரியகடை வீதியில்
கொலுசு நிறுத்த தராசில் வாங்கியது.
முதல் நூறில் முப்பத்தொன்று திரும்பி வந்தன.
ஒன்றுக்குள் கருகிய பல்லி.
டப்பாவுக்கு மூடி வைக்கச் சொன்னது
அந்தப் பல்லிதான்.

எரிகிற மோட்டார் வருவது நின்றுபோயிற்று.
'ரீவைண்டிங் செய்யப்படும்' பலகையை
அவரே ஏணி போட்டுக் கழற்றினார்,
ஆணியை மட்டும் விட்டுவிட்டு.

இப்போது ஷெட் மூன்று. சத்தம் ஒன்றுதான்.

ராத்திரி இரண்டு மணிக்கு
எங்கோ ஒரு தோட்டத்தில் ஒரு ஃபேஸ் போகிறது.
டக்.
மோட்டார் நிற்கிறது.
தோட்டக்காரர் புரண்டு படுக்கிறார்.
காலையில்
யாரிடமும் சொல்ல
ஒரு சேதியும் இல்லை.